பொண்ணோட அம்மாகிட்ட சொல்லல

போர்டைத் தேடாத தங்கச்சி. போர்டு இருந்த எடம்தான் அது, ஆணி மட்டும் நிக்குது பாரு. டாக்டர் இல்ல. இனி வரவும் மாட்டான். நான்தான் வெரட்டுனேன்.

ஏன் அப்படி முழிக்கிற? உக்காரு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. புள்ளையையும் உக்காரச் சொல்லு. உன் மகளா? நல்ல களையான முகம். கையில என்னம்மா துணி சுத்தியிருக்க? வளையல் ஒடஞ்சு குத்திருச்சா? சரி சரி, கண்ணாடி வளையல்னா அப்படித்தான். அந்தா டீக்கடையில நின்னுக்கிட்டு இங்கயே பாக்குறாரே, அவருதான் மருமகனா? நல்ல ஒசரம். என் மாப்பிள்ளையும் ஒசரம்தான்.

நான் செவ்வாயும் வெள்ளியும் இங்க வந்துருவேன். அந்தாளு நோயாளி பாக்குற நாளு அதுதான். போனவன் சத்தமில்லாம திரும்பி வந்து கதவைத் தொறந்துட்டான்னா? அதுக்குத்தான் காவல். அதோட உன்னை மாதிரி தெரியாம வர்றவங்களுக்கு அவன் யாருன்னு சொல்லணும்ல. கீழ இருக்கிற மருந்துக்கடைக்காரரு மொதல்ல மொறச்சாரு. இப்ப நான் வந்ததும் அவரே ஸ்டூல் எடுத்துப் போடுறாரு.

டாக்டர் தாணுமாலயன். மனநோய் பாக்குறவன். நாகர்கோவில் பக்கத்து ஆளு. என் மகளைக் கொன்னவன்.

கையால கொல்லல. கையால செஞ்சது என் மாப்பிள்ளை. அவரு பாவம், சீக்காளி. அவர் மேல எனக்குக் கோவமே இல்ல. தெரிஞ்சும் சொல்லாம இருந்து கொன்னான் பாரு இந்த டாக்டரு, அவன்மேலதான் எனக்கு வயிறு எரியுது. அவன் சோத்துல மண்ணு விழணும், அதைப் பாக்கத்தான் நான் இன்னும் உசிரோட இருக்கேன். வேற என்ன வேலை எனக்கு?

எங்க ஊரு சாத்தூரு. மகளுக்குப் பேரு பூரணச்செல்வி, பூரணம்னு கூப்பிடுவோம். மாப்பிள்ளை தங்கமாரியப்பன். பஜார்ல டிராக்டர் சாமான் கடை. பீடி கிடையாது, தண்ணி கிடையாது, சீட்டு கிடையாது. ஊரே கண்ணு வச்ச சம்பந்தம். என்ன, கொஞ்சம் சந்தேக புத்தி. அது எந்த ஆம்பளைக்கு இல்ல? கடைக்குக் கிளம்புறப்ப வீட்டை வெளிய பூட்டிட்டுப் போவாரு. பூரணம் வந்து அழுதா. நான் சொன்னேன், "ஏட்டி, நகையத்தான பூட்டி வைப்பாங்க, பழைய சட்டியவா பூட்டி வைப்பாங்க?"ன்னு. சிரிச்சுட்டா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

பெறவு பால்காரன் பேரைச் சொல்லி அடிச்சாரு. பால்காரனுக்குப் பேரன் எடுத்த வயசு தங்கச்சி! நான் என்ன செஞ்சேன், பால்காரனை நிப்பாட்டிட்டு பாக்கெட் பால் வாங்கச் சொன்னேன். பிரச்சினை முடிஞ்சுதுல்ல? இப்படி ஒவ்வொண்ணா நான்தான் தீத்து வச்சேன். குடும்பம்னா அதுதான. நாலு சொவத்துக்குள்ள தீத்துக்கணும்.

ஒருநாள் எனக்கே போன் போட்டாரு மாப்பிள்ளை. "அத்தை, உங்க மகளை என்னைக்காவது நான் முடிச்சுருவேன் போல இருக்கு. எனக்கே பயமா இருக்கு"ன்னாரு. மாமியாகிட்ட இப்படி மனசு விட்டுப் பேசுற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பான் சொல்லு. "வெயில் கூடிப்போச்சு மாப்பிள்ளை, ரெண்டு எளநி வாங்கிக் குடிங்க"ன்னேன்.

நீ கேக்கலாம், அப்ப உனக்கும்தான் தெரியுமேன்னு. உன் மூஞ்சியிலேயே தெரியுது கேக்குறது. நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்? எங்கிட்ட சொன்னா அது கோவம். டாக்டர்கிட்ட சொன்னா அது நோய். எது வாய்ப்பேச்சு, எது செய்யப்போறவன் பேச்சுன்னு எடை போடத்தான அவன் அத்தனை வருசம் படிச்சான்? சட்டையில பட்டத்தைக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கான்ல?

டாக்டரைப் பாக்கணும்னு மாப்பிள்ளையேதான் கேட்டாரு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். சாத்தூர்ல பாத்தா ஊருக்கே தெரிஞ்சுபோகும், அதான் ரெண்டு பஸ்ஸு மாறி இந்த ஊருக்கு. எனக்கு இளையவ ஒருத்தி இருக்கா. அக்கா புருசனுக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா எவன் வந்து கட்டுவான்?

கவுண்டர்ல இருந்த புள்ள பேரு கேட்டுச்சு. முருகேசன்னேன். ஊரு? கோவில்பட்டின்னேன். நீங்க யாரும்மா? நான் அவன் அம்மான்னேன். மாமியா கூட்டிட்டு வந்தான்னு சொன்னா அதுக்கு ஒரு கதை கேப்பாங்க. அம்மான்னா யாரு என்ன கேக்கப்போறா? மாப்பிள்ளையும் முருகேசன்னு கூப்பிட்டதும் எந்திரிச்சு உள்ள போனாரு. இந்த மாதிரி டாக்டர்கிட்ட எவ தங்கச்சி சொந்தப் பேரு குடுக்குறா? நீ மருமகனுக்கு என்ன பேரு வச்சிருந்த? பாத்தியா, சிரிக்கிற.

மாப்பிள்ளைகிட்ட ரொம்ப நேரம் பேசுனான். என்னை வெளிய உக்கார வச்சுட்டான். பெறவு அவரை வெளிய அனுப்பிட்டு என்னைக் கூப்பிட்டான். கதவை அவனே எந்திரிச்சு வந்து சாத்தினான்.

"அம்மா, உங்க மகனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு பொண்டாட்டி உயிருக்கு ஆபத்து இருக்கு. எங்க வச்சு, எப்படின்னு வரைக்கும் யோசிச்சு வச்சிருக்காரு. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேக்கணும்"னான்.

வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.

"நோயாளி சொன்னதை நான் வெளிய சொல்லக்கூடாதும்மா. ஆனா ஒரு உயிருன்னு வந்தா மறைச்சு வைக்கவும் கூடாது. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நான் பேசியாகணும். உங்களுக்குச் சங்கடமாத்தான் இருக்கும், மகனைக் காட்டிக்கொடுக்குற மாதிரி இருக்கும். இருந்தாலும் பொண்ணோட அம்மா நம்பர் குடுங்க"ன்னான்.

என்கிட்டயே கேக்குறான் தங்கச்சி, பொண்ணோட அம்மா நம்பரை! எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். இவன் பாட்டுக்கு போன் போட்டு, அதை இளையவ எடுத்துட்டான்னா? எங்க வீட்டுக்காரரு எடுத்துட்டாருன்னா? அந்த மனுசன் வாய் ஓட்டை, அன்னைக்குச் சாயங்காலமே பஜார் பூரா தெரிஞ்சுரும். வாயில வந்த நம்பர் ஒண்ணைச் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். திருப்பி ஒருவாட்டி சொல்லச் சொன்னான். அதுதான் கஷ்டமாப்போச்சு, மொதல்ல சொன்னது ஞாபகம் வரணும்ல. எப்படியோ சொல்லிட்டேன்.

மாத்திரை குடுத்தான். மாப்பிள்ளை கொஞ்ச நாள் தின்னாரு. கடையில உக்காந்தா தூக்கமா வருது அத்தைன்னாரு. அப்ப அரை மாத்திரை போதும் மாப்பிள்ளைன்னேன். பெறவு அதையும் விட்டுட்டாரு போல. அதையெல்லாம் கூட இருந்து பாக்க வேண்டியது யாரு? டாக்டரு வேலைதான அது?

ஆடி பொறந்துச்சு. தலை ஆடி, பூரணத்தை வீட்டுக்கு அழைச்சுட்டு வந்தோம். அந்த ஒரு மாசம் புள்ள நல்லாத் தூங்குனா. பகல்லயும் தூங்குவா. கன்னத்துல கூடச் சதை வச்சுச்சு. ஆடி முடிஞ்சதும் மாப்பிள்ளை கூப்பிட வந்தாரு. புதுச் சட்டை, பூவு, அல்வா, எல்லாம் கொண்டாந்தாரு. பூரணம் அடுப்படியில வந்து என் முந்தானையப் புடிச்சுக்கிட்டா. "நான் போகலம்மா. இந்த ஒரு தடவை மட்டும் என்னை அனுப்பாத"ன்னா.

ஆவணி பொறந்துருச்சு தங்கச்சி. தலை ஆடிக்கு வந்த பொண்ணை ஆவணியிலயும் வச்சிருந்தா தெரு என்ன பேசும்? இளையவளைப் பொண்ணு பாக்க வர்றோம்னு வேற சொல்லிவிட்டிருந்தாங்க. வர்றவங்க முன்னாடி மூத்தவ வாழாவெட்டியா வந்து நின்னா? கையை எடுத்துவிட்டேன். தலையில பூ வச்சேன். பலகாரம் கட்டிக் குடுத்தேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

இளையவளைப் பாக்க வந்த அன்னைக்குத்தான் போன் வந்துச்சு. வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில கிடக்கு. வந்தவங்க கூடத்துல உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளைதான் பேசுனாரு. "அத்தை, வந்து பாருங்க"ன்னாரு. அவ்வளவுதான். நான் அடுப்பை அணைக்கல. அந்தக் கருகுன வாடை இன்னும் என் மூக்குல இருக்கு. என் பூரணம் எதுத்து ஒரு வார்த்தை பேசாது தங்கச்சி. என்ன சொன்னாலும் சரிம்மான்னுதான் சொல்லும். என் வயிறு பத்தி எரியுது. எரியட்டும். அந்த நெருப்புலதான் அவனைப் பொசுக்குனேன்.

காரியத்தன்னைக்கு வந்தான் டாக்டரு. பேப்பர்ல மாப்பிள்ளை படத்தைப் பாத்திருக்கான். முருகேசன்தான் இதுன்னு கண்டுபிடிச்சு, அவனா போலீஸ்கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லியிருக்கான். நான் குடுத்த நம்பருக்கு அத்தனை தடவை போட்டானாம், யாரோ மலையாளத்துக்காரன் எடுத்துத் திட்டுனானாம். அப்பவே கோவில்பட்டி போலீஸுக்கும் எழுதிக் குடுத்து, இன்ன மாதிரி முருகேசன்னு ஒருத்தன் பொண்டாட்டியைத் தேடிப்பிடிங்கன்னு நேர்லயும் போய் நின்னானாம். கோவில்பட்டியில முருகேசனுக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பேரு இருப்பான். ஒரு ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பு இல்ல, இவனெல்லாம் ஒரு டாக்டரு!

வாசல்ல வந்து நின்னு, "பூரணச்செல்வியோட அம்மா யாருங்க? அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்"னு கேட்டான். எல்லாரும் என்னைக் காட்டுனாங்க.

என்னைப் பாத்தான். கும்புட்ட கை அப்படியே நின்னுருச்சு. "அம்மா, நீங்க..."ன்னான்.

அதுக்கு மேல அவனைப் பேச விட்டுருவேனா? நான் முந்திக்கிட்டேன். "அடப் பாவி, கொல்லப்போறான்னு தெரிஞ்சும் பொண்ணோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு விழுந்தேன். எங்க பங்காளிக விடுவாங்களா? சட்டையைக் கிழிச்சுட்டாங்க. கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. அவன் ஒரு வார்த்தை பேசல தங்கச்சி. கையை ஓங்கித் தடுக்கல. என்னையே பாத்துக்கிட்டு அடி வாங்குனான்.

அந்தப் பார்வையைத்தான் என்னால பொறுக்க முடியல. கோவமா பாத்திருந்தாக் கூட விட்டுருப்பேன். என்னைப் பாத்துப் பாவப்பட்டான் அவன். என்னை! அன்னைக்கே நெனச்சேன், இவனை இந்த மாவட்டத்துல ஒரு வாய் கஞ்சி குடிக்க விடக்கூடாதுன்னு.

உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, நீ வேத்தூர்க்காரி. அன்னைக்கு அவன் உண்மையிலேயே எங்கிட்ட சொன்னான்தான். ஆனா யாருகிட்டன்னு நெனச்சு சொன்னான்? மாப்பிள்ளையோட அம்மாகிட்ட. பொண்ணோட அம்மாகிட்ட அவன் சொன்னானா? சொல்லல. சட்டப்படி அது சொன்னதாகுமா? நீயே சொல்லு. எங்க வக்கீல்கிட்ட இதை இப்படியே கேட்கல, சுத்தி வளைச்சுக் கேட்டேன். "நோயாளி சொல்றதை டாக்டர் ரகசியமா வச்சுக்கணும். அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்லலாம். சொல்லியே தீரணும்னு கட்டாயப்படுத்துற சட்டம் நம்ம பக்கம் தெளிவா இல்ல. ஆனா எச்சரிக்கை செய்ய அவரு என்ன முயற்சி எடுத்தாருன்னு கேக்கலாம்"னாரு வக்கீலு. கேளுங்க சார்னேன். விடாதீங்கன்னேன்.

மனு மேல மனு போட்டேன். கலெக்டர் ஆபீஸ், டாக்டருங்க கவுன்சில், கன்ஸ்யூமர் கோர்ட்டு, ஒரு எடம் பாக்கி இல்ல. கவுன்சில்ல விசாரிச்சாங்க. பெரிய மேசை, நாலஞ்சு டாக்டருங்க. அதுல ஒருத்தரு கேட்டாரு, "அன்னைக்கு நோயாளி கூட வந்தது யாரு? அந்தப் பொய் நம்பரைக் குடுத்தது யாரு?"ன்னு. மாப்பிள்ளை ஜெயில்ல வாயே தொறக்கல, என் மேல அவருக்கு அவ்வளவு மரியாதை. கவுண்டர்ல இருந்த புள்ளைக்கு என் மூஞ்சி ஞாபகம் இல்ல. இந்த ஒருத்தன்தான் பாக்கி.

அவன் என்னை ஒருதரம் பாத்தான். "கூட வந்தவங்க என் ரூம்ல பேசினதை நான் வெளிய சொல்றதில்ல. ஒரு உயிரைக் காப்பாத்தணும்னாதான் சொல்லணும். இப்ப சொல்லி எந்த உயிரும் வரப்போறதில்ல"ன்னுட்டு உக்காந்துட்டான். அவன் வக்கீலே தலையில அடிச்சுக்கிட்டாரு.

பாத்தியா திமிரை? தப்புப் பண்ணலைன்னா சொல்ல வேண்டியதுதான? ஏன் முழுங்குறான்? அதுலயே தெரியலையா?

விசாரணை முடியிற வரைக்கும் நான் காத்திருக்கல. பூரணம் போட்டோவைப் பெருசாப் போட்டு, இந்தா, இதே எடத்துலதான் உக்காந்தேன். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். இவன்கிட்டப் போகாதீங்க, போனா உங்க வீட்டுலயும் பொணம் விழும்னு சொன்னேன். சில பேரு அழுதாங்க, எங்களுக்கு வேற டாக்டர் இல்லையேம்மான்னு. இல்லாட்டிப் போகுது. ஒருநாள் எவனோ கல்லெடுத்து எறிஞ்சு கண்ணாடியை ஒடச்சான். நான் எறியச் சொல்லல. எறியாதன்னும் சொல்லல. கவுண்டர்ல இருந்த புள்ள வேலைய விட்டுப் போச்சு. கட்டடத்துக்காரரு காலி பண்ணச் சொன்னாரு. அவன் போர்டை அவனே ஏணி போட்டு ஏறிக் கழட்டுனான் தங்கச்சி. எம்மா, அன்னைக்கு எனக்குக் குளுந்துச்சு பாரு!

போறப்ப எங்கிட்ட வந்தான். நான் காறித் துப்பத் தயாரா இருந்தேன். "அம்மா, உங்களுக்குத் தூக்கம் வருதா? வேற யாருகிட்டயாவது போய்ப் பாருங்க, என்கிட்ட வேண்டாம். ஆனா பாருங்க"ன்னான். துப்பிட்டேன். தொடச்சுக்கிட்டுப் போயிட்டான்.

தூக்கமாம். எனக்கு எதுக்குத் தூக்கம்?

என்ன தங்கச்சி, ஏன் அழுவுற? புள்ளையும் அழுவுது. மொதல்ல மூஞ்சியத் தொடைக்கச் சொல்லு, அவரு இங்கயே பாக்குறாரு. என்ன சொல்ற? மெதுவாச் சொல்லு. மருமகன் இந்த டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிட்டு நல்லா இருந்தாரா? டாக்டரு போனதும் மாத்திரை நின்னுபோச்சா? அதுக்கப்புறம்தான் இப்படியா? ம். முந்தாநாள் உங்கிட்டேயே வந்து சொன்னாரா? வளையல் இல்லையா அது? அருவாமணையா?

கோவத்துல சொல்றதுதான் தாயி. மனசு விட்டுப் பேசுற ஆளு போல இருக்கு. நீ புள்ளைகிட்ட எடுத்துச் சொல்லு, கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லு.

டாக்டரு எங்க போனான்னா கேக்குற?

தெரியும். தெரியாம இருக்குமா? விடாமப் பின்னாடியே போய் விசாரிச்சு வச்சிருக்கேன். எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தெந்த நாளு பாக்குறான், எல்லாம் தெரியும். இங்கயிருந்து ஒரே பஸ்ஸுதான்.

சொல்ல மாட்டேன்.

கால்ல விழாத. எந்திரி. விழுந்தாலும் சொல்ல மாட்டேன். உன் மருமகனைக் கொண்டுபோய் அவன் முன்னாடி உக்கார வச்சா, அவன் மறுபடியும் டாக்டராயிருவான், மறுபடியும் நாலு பேரு கும்புடுவாங்க. அதுக்கா நான் வெயில்லயும் மழையிலயும் இங்க உக்காந்தேன்? அவன்கிட்ட ஒரு ஆளு போகக்கூடாது. ஒரே ஒரு ஆளு கூடப் போகக்கூடாது.

தெரிஞ்சும் சொல்லாம இருக்கியேன்னா கேக்குற? ஆமா, தெரிஞ்சுதான் சொல்லல. நான் என்ன டாக்டரா? எனக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது.

அந்தா உன் மருமகன் கையை ஆட்டுறாரு பாரு, பஸ்ஸு வந்துருச்சு. புள்ளைய முன்னாடி அனுப்பு. அவரைக் காக்க வைக்காத.